மகள் கதை சொல்லத் தொடங்கினால் தோழிகள் எழுந்து போய்விடுகிறார்கள்

நெல்லை அம்மா (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தது எட்டு வயதில்தான். அதுவரை "கூச்ச சுபாவம், போகப் போகச் சரியாகிவிடும்" என்றே எல்லோரும் சொன்னார்கள். நன்றாகப் பேசுவாள், நன்றாகப் படிப்பாள். பேச்சு வரவில்லை என்று கவலைப்படும் பெற்றோர் நடுவில் இதை எழுதவே தயக்கமாக இருந்தது. ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது மனதை விட்டுப் போக மறுக்கிறது.

அவள் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். திருச்செந்தூர் ரயிலில் பாட்டியின் பை காணாமல் போன கதையைச் சொல்லத் தொடங்கினாள். திருநெல்வேலியில் ஏறினோம், ஜன்னலோரம் யார், எதிர் இருக்கையில் யார். அப்புறம் பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யார் ஏறினார்கள், கையில் என்ன வைத்திருந்தார்கள். ஒரு பிள்ளை பொறுக்க முடியாமல், "பை கிடைச்சுதா இல்லையா, அதைச் சொல்லு" என்றது. இவள், "இன்னும் நாசரேத்தே வரலியே" என்றாள். ஒருத்தி எழுந்தாள், பின்னாலேயே மற்ற இருவரும் போய் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

இவள் நிறுத்தவில்லை. காலியான பாயைப் பார்த்துக்கொண்டே குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று திருச்செந்தூர் வரை சொல்லி முடித்தாள். நான் அடுப்படி வாசலில் தோசைக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு எப்படிக் கதை சொல்லப் பழக்குவது? இல்லை, பழக்கத்தான் வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இருவர் அப்பா

சகோதரி, எனக்கு மகன் ஒன்று, மகள் ஒன்று, இருவருக்குமே ஆட்டிசம். ஒளிக்காமல் சொல்கிறேன். சுருக்கிச் சொல்லப் பழக்குங்கள். என் மகளுக்கு மூன்று வாக்கியத்தில் கதை சொல்ல ஒரு வருடம் பயிற்சி கொடுத்தோம். எங்கே, என்ன ஆனது, எப்படி முடிந்தது. அவ்வளவுதான். நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் யாரும் நாசரேத் வரும்வரை காத்திருக்க மாட்டார்கள். நாம் இருக்கும்போதே கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்ற பயத்தில்தான் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாம் பெஞ்ச்

பை கிடைத்ததா அக்கா? நானும் அந்தப் பிள்ளைகள் மாதிரியே கேட்கிறேன், மன்னிக்கவும்.

நெல்லை அம்மா

கிடைத்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். அன்று ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு, "முதல்லேர்ந்து சொல்லும்மா, நான் கேக்குறேன்" என்றேன். முழுதாகக் கேட்டேன்.

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு பெரியம்மா ஏறியிருக்கிறார். கையில் மஞ்சப்பை. பாட்டியிடமும் அதே பைதான், ஒரே கல்யாண வீட்டில் கொடுத்தது, ஒரே மணமக்கள் பெயர். அந்தப் பெரியம்மாவின் பையில் ஒரு பக்கக் காது அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது. நாசரேத்தில் அவர் இறங்கிப் போனபிறகு எங்கள் இருக்கையில் இருந்தது முடிச்சுப் போட்ட பை. குரும்பூர் தாண்டித்தான் பாட்டி வெற்றிலைப் பெட்டியைத் தேடிப் பை மாறியதைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு ரயிலில் நாங்கள் எல்லோரும் திருட்டு என்று பதறினோம். இவள் மட்டும் "முடிச்சு, முடிச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தது இப்போதுதான் எனக்கு நினைவு வருகிறது. யாரும் காதில் வாங்கவில்லை.

யார் என்ன பை வைத்திருந்தார்கள் என்று அவள் சொன்னது வளவளப்பு இல்லை. கதையே அதில்தான் இருந்தது. மூன்று வாக்கியத்தில் சொன்னால் முடிச்சு போய்விடும் அண்ணா.

கோவை பேச்சுப் பயிற்சி

இந்தத் தொழிலில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன் அம்மா.

நாங்கள் கதை சொல்லும் திறனைச் சோதிக்கும் முறையை முதலில் சொல்கிறேன். எழுத்தே இல்லாத படப் புத்தகம் ஒன்றைக் கொடுப்போம், அல்லது வரிசையாக அடுக்க வேண்டிய பட அட்டைகள். பிள்ளை சொல்வதைப் பதிவு செய்து, இடம் வந்ததா, சிக்கல் வந்ததா, அதைத் தீர்க்க முயன்றது வந்ததா, முடிவு வந்ததா என்று எண்ணுவோம். ஆட்டிசம் உள்ள பெண் பிள்ளைகள் பலர் இதில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். "பிரச்சினை ஒன்றுமில்லை" என்று அறிக்கையும் போய்விடும். அறிக்கை போனபிறகுதான் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரம் வரும்.

சாப்பாட்டு வட்டத்தில் கதை எப்படி நடக்கிறது என்று ஒரு நாள் தள்ளி நின்று பாருங்கள். ஒருத்தி தொடங்குவாள், இன்னொருத்தி "ஏய், அந்த மிஸ் சொன்னதைச் சொல்லு" என்று நடுவில் புகுவாள், மூன்றாமவள் மிஸ் மாதிரியே பேசிக் காட்டுவாள், முடிவை நாலு பேரும் சேர்ந்து கத்துவார்கள். ஒரு கதைக்கு நாலு வாய். அதில் எப்போது நுழைவது, எப்போது விட்டுக்கொடுப்பது என்பது எங்கள் பட அட்டையில் எங்குமே இல்லை. பையன்கள் பந்தோடு ஓடும் வயதில் பெண் பிள்ளைகளின் நட்பு முக்கால்வாசி இந்தப் பேச்சில்தான் நடக்கிறது. அதனால் கதையில் இடம் கிடைக்காத பெண்ணுக்கு நட்பிலும் இடம் கிடைப்பதில்லை.

இருவர் அப்பா சொன்னதை நான் தள்ளவில்லை. ஆனால் வெட்டச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் வாசல் வைக்கச் சொல்லிக் கொடுப்பேன். "பாட்டியோட பை மாறின கதை சொல்லப் போறேன், கடைசியில கிடைச்சிரும், எப்படின்னு கண்டுபிடிங்க" என்று முதலில் சொல்லிவிட்டால் போதும். கேட்கிற பிள்ளைக்குப் பிடிமானம் கிடைத்துவிடும். முடிச்சும் அப்படியே இருக்கும்.

ஆய்வு வாசகன்

நான் உளவியல் முதுகலை மாணவன். இதற்குத் தொடர்பான சிலவற்றைப் படித்திருக்கிறேன், சொல்லலாமா?

ஆட்டிசம் என்றால் ஆண் பிள்ளை என்று நம் மனதில் பதிந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1943-இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் 11 பிள்ளைகள், அதில் 3 பேர்தான் பெண்கள். அடுத்த வருடம் வியன்னாவில் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விவரித்தது பையன்களை. அவர்கள் இருவருக்கும் முன்பே, 1925-இல், சோவியத் மருத்துவர் குருன்யா சுகரேவா இதே இயல்புகளை எழுதியிருந்தார், பெண் பிள்ளைகளைப் பற்றியும் சில வருடங்களில் எழுதினார். அது வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை. நாலு பையனுக்கு ஒரு பெண் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, மூன்றுக்கு ஒன்று என்பதே நெருங்கிய கணக்கு என்றும், பெண்கள் கண்டறியப்படாமல் விடுபடுகிறார்கள் என்றும் காட்டியது.

இனி கதைக்கு வருகிறேன். 2019-இல் அமெரிக்காவில் ஜூலியா பாரிஷ் மோரிஸ் குழுவினர், பிள்ளைகள் படம் பார்த்துச் சொன்ன கதைகளைச் சொல் சொல்லாக எண்ணினார்கள். ஆட்டிசம் உள்ள ஆண், பெண் இருபாலரும் பொருள்களின் பெயர்களை அதிகம் சொன்னார்கள். நம் அக்கா மகளின் பை, முடிச்சு, இருக்கை மாதிரி. ஆனால் "நினைத்தான்", "தெரிந்தது" போன்ற மனம் சார்ந்த சொற்களை ஆட்டிசம் உள்ள பெண்கள் அதே நிலையிலுள்ள பையன்களைவிடக் கூடுதலாகச் சொன்னார்கள். அந்த விஷயத்தில் மற்றப் பெண் பிள்ளைகளோடு ஒத்துப்போனார்கள். ஒரே கதைக்குள் இரண்டும் இருக்கிறது. மனச் சொற்களைக் கேட்கிற பெரியவர்களுக்குச் சந்தேகமே வராது. பொருள் பட்டியலைக் கேட்கிற தோழிகளுக்கு ஏதோ வேறாகத் தெரியும். இந்த இரண்டாவது பகுதி என் ஊகம், ஆய்வு அதைச் சொல்லவில்லை.

சாக்பீஸ்

நான் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. என் வகுப்பில் 42 பேர்.

என் மாணவி ஒருத்தியைப் பற்றி, அவள் அம்மாவின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆசிரியர் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் மதியம் புங்கமரத்தடியில் பெண் பிள்ளைகளோடுதான் இருப்பாள். "தோழிகள் இருக்கிறார்கள், கவலை வேண்டாம்" என்று அவள் அம்மாவிடம் நானே இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனபோது கிட்டத்தில் பார்த்தேன். வட்டத்தில் ஐந்து பேர். அவள் ஆறாவது, ஆனால் வட்டத்துக்கு ஒரு சாண் வெளியே. டிபன் பாக்ஸ் மடியில், மூடி திறக்கவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடியும் நேரத்தில் அவளும் சிரித்தாள். ஒருத்தி இடம் மாறி உட்கார்ந்தபோது இவளும் நகர்ந்தாள். எவ்வளவு நாளாக இப்படி நடக்கிறது என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆய்வு வாசகன்

டீச்சர், நீங்கள் பார்த்ததை அப்படியே பதிவு செய்திருக்கிறார்கள். 2017-இல் கோனி கசாரி குழுவினரின் விளையாட்டு மைதான ஆய்வு. ஆட்டிசம் உள்ள பையன்கள் தனியாகச் சுற்றுவது தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. பெண்கள் கூட்டத்தின் ஓரத்திலேயே உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சேர்ந்திருப்பது போலவே தோன்றும்.

தாமதமாகத் தெரிந்தவள்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு 34 வயதில்தான் தெரிந்தது, என் மகனைப் பரிசோதிக்கப் போன இடத்தில். அதற்குமுன் ஒரு மருத்துவர், "கல்யாணம் ஆயிருக்கு, வேலைக்குப் போறீங்க, உங்களுக்கு எப்படிம்மா ஆட்டிசம் இருக்கும்" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

நான் பள்ளியில் கதை சொல்கிற பெண்ணாக இருந்தவள். நம்ப மாட்டீர்கள். திங்கட்கிழமை காலை பிரேயருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் என்னைச் சுற்றி நிற்பார்கள். அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். என் பெரியப்பா மகள் வெகு அழகாகக் கதை சொல்வாள். எட்டாம் வகுப்பு கோடை விடுமுறை முழுக்க அவளைப் பார்த்துப் படித்தேன். எந்த இடத்தில் நிறுத்துகிறாள், எப்போது கண்ணை விரிக்கிறாள், "அப்புறம் என்னாச்சு தெரியுமா" என்று சொல்லும்போது கை எங்கே போகிறது. நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்ப்பேன். பள்ளி திறந்ததும் அவள் குரலில், அவள் கையால், டிவி தொடர்களின் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் வந்தார்கள்.

மாலையில் வீட்டுக்கு வந்து சீருடையோடு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுப்பேன். சிமெண்ட் தரை குளிர்ச்சியாக இருக்கும். இருட்டும்வரை வெளியே வரமாட்டேன். அம்மா "வெயில்ல வந்த களைப்பு" என்பாள். ஐந்து வருடம் அப்படித்தான் போனது. அந்த ஏழெட்டுப் பேரில் ஒருத்திக்குக்கூட எனக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாது. எனக்கு அப்போது பிடித்தது தபால் முத்திரைகள். எந்த ஊர் முத்திரையில் தேதி எந்தப் பக்கம் இருக்கும் என்பது மனப்பாடம். அதைப் பற்றி ஒரு வார்த்தை அவர்களிடம் பேசியதில்லை.

இருவர் அப்பா, நீங்கள் கெட்டதைச் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் பயிற்சி பலித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் சாட்சி. பிள்ளைகள் ஏற்றுக்கொண்டது என்னை இல்லை.

இருவர் அப்பா

இதைப் படித்துவிட்டு மகள் பள்ளியிலிருந்து வந்ததும் என்ன செய்கிறாள் என்று கவனித்தேன் அம்மா. நேராகப் போய் ஃபேன் சத்தத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாள். தூக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஸ்கார்பரோ சித்தி

எங்கட ஊரில் பேசுவதையே கதைப்பது என்றுதான் சொல்வோம். "வாங்கோ, இருந்து கதைப்பம்." அதனால் இந்த இழையின் தலைப்பு எனக்கு வேறு மாதிரியும் கேட்குது.

என்ர அக்காவின்ர மகளுக்கு ஆட்டிசம். கனடாவில் பிறந்த பிள்ளை. சின்ன வயதில் ஒரு சிகிச்சையாளர், "வீட்டில் தமிழை விடுங்கள், ஒரே மொழி போதும், குழம்பிப்போவாள்" என்று சொன்னவர். அக்காவும் பயந்து விட்டுட்டா. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் மொழி வளர்ச்சி பின்தங்குவதில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டுது. ஆனால் அதற்குள் அம்மம்மாவும் பேத்தியும் கதைக்க முடியாமல் நாலு வருசம் போய்விட்டது.

பிறகு அம்மம்மா தன்ர பாட்டில் தமிழில் கதை சொல்லத் தொடங்கினா. பிள்ளை "உம்" கொட்ட வேணும், கொட்டாவிட்டால் அம்மம்மா நிப்பாட்டிப்போடுவா. அதுதான் சட்டம். பிள்ளைக்கு அந்தச் சட்டம் நல்லாய்ப் பிடிச்சுக்கொண்டது. எப்ப "உம்" சொல்ல வேணும் என்று தெளிவாய்த் தெரியுது, முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, இருட்டிலும் சொல்லலாம். பிறகு முறை மாறிச்சு. பிள்ளை சொல்ல, அம்மம்மா உம் கொட்டினா. டைனோசர் எலும்பைப் பற்றி முக்கால் மணித்தியாலம். அம்மம்மாவுக்கு ஒன்றும் விளங்கியிராது, ஆனால் ஒரு "உம்" தவறவில்லை.

நெல்லை அக்கா, அன்றைக்கு உங்கட மகளுக்குக் குறைஞ்சது அந்த "உம்" மட்டும்தான் என்று எனக்குப் படுது.

கோவை பேச்சுப் பயிற்சி

சித்தி, இதை நான் பயிற்சிக்கு வரும் எல்லா வீட்டிலும் சொல்லப் போகிறேன். கதை சொல்பவருக்கு எவ்வளவு வேலையோ அவ்வளவு வேலை கேட்பவருக்கும் உண்டு என்று நம் பாட்டிகள் முறையாகவே வைத்திருந்தார்கள். நாங்கள் படித்துவந்து சொல்பவரை மட்டும் திருத்திக்கொண்டிருக்கிறோம்.

ஆய்வு வாசகன்

இதே கருத்தைத்தான் 2012-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன் எழுதினார். அவரே ஆட்டிசம் உள்ளவர். புரியாமை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை, இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளத் தவறுகிறார்கள் என்றார்.

கதையை வைத்தே அதைச் சோதித்தும் பார்த்தார்கள். 2020-இல் கேத்தரின் கிராம்ப்டன் குழு, எட்டு எட்டுப் பேராக வரிசை அமைத்து ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்கு ஒரு கதையைக் கடத்தச் சொன்னது. எல்லோரும் பெரியவர்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை, மற்றவர்கள் மட்டும் இருந்த வரிசையில் போலவே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிந்தியது. 2025-இல் இதையே 300 பேருக்கு மேல் வைத்து மறுபடி செய்தபோது கலந்த வரிசையும் பின்தங்கவில்லை. முதல் முடிவை மட்டும் பிடித்துக்கொண்டு "கலந்தால் ஆகாது" என்று பேசக் கூடாது என்பதற்காக இரண்டையும் சொல்கிறேன். ஆட்டிசம் உள்ளவரால் கதையைக் கடத்த முடியாது என்ற பேச்சுக்கு இரண்டிலுமே இடமில்லை.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. 2017-இல் நோவா சாசன் குழு செய்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் சில நொடிக் காட்சியைப் பார்த்தவுடனேயே மற்றவர்கள் "இவரோடு பழகத் தோன்றவில்லை" என்று மதிப்பிட்டார்கள். குரலை மட்டும் கேட்டாலும், அசையாத படத்தைப் பார்த்தாலும் அதேதான். ஆனால் பேசிய சொற்களை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வேறுபாடு காணாமல் போய்விட்டது.

சாக்பீஸ்

தம்பி, நீங்கள் கடைசியில் சொன்னதைப் படித்துவிட்டு வகுப்பில் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று தொடங்கினேன். பெயர் இல்லாமல் கதைகள். எழுதியது யார் என்று தெரியாமல் பிடித்த கதைக்குக் கீழே புள்ளி வைக்க வேண்டும். என் புங்கமரத்தடி மாணவி, பள்ளிக் கிணற்றில் ஆமை இருந்த கதையை எழுதியிருந்தாள். ஆமை ஓட்டில் எத்தனை கட்டம், அதில் எது உடைந்தது, எப்படி உடைந்திருக்கும் என்று. 17 புள்ளி. அந்த வாரம் அதுதான் முதல்.

பெயரை அறிவித்தேன். "இவளா எழுதினா?" என்று ஒரு குரல் வந்தது. கைதட்டினார்கள். மதியம் ஓடிப்போய்ப் பார்த்தேன். அதே வட்டம், அதே ஒரு சாண் வெளியே. கதையைப் பிடித்தால் பிள்ளையையும் பிடித்துவிடும் என்று நினைத்திருந்தேன், அப்படி நடக்கவில்லை.

அப்புறம் சித்தி சொன்னதைச் செய்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், ஒரு ஆள் கதை சொல்லும், ஒரு ஆள் உம் கொட்டும். யாருக்கு யார் என்று பட்டியல் சுவரில். உம் கொட்டியவர் முடிவில் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். ஆட்டிசம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, எல்லோருக்கும் ஒரே சட்டம். நன்றாகப் பேசும் பிள்ளைகள்தான் திணறினார்கள். அடுத்தவர் பேசும்போது சும்மா இருப்பது அவர்களுக்கு வரவில்லை. என் மாணவி உம் கொட்டுவதில் கெட்டிக்காரி. அவள் கேட்ட கேள்விகளைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஒருத்தியிடம், "நீ அழுதப்ப உங்க நாய் எந்தப் பக்கம் உக்காந்திருந்துச்சு?" என்று கேட்டாள். அந்தப் பெண் யோசித்து, "என் காலு மேலதான் உக்காந்திருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். அடுத்த வாரமும் இவளிடமே கதை சொல்ல வேண்டும் என்று கேட்டாள். ஆறு வாரம் ஆகிறது. சாப்பாட்டு நேரத்தில் இப்போது அந்த இருவரும் தனியாக, குழாய்ப் பக்கம் உட்காருகிறார்கள். பெரிய வட்டம் அப்படியேதான் இருக்கிறது.

தாமதமாகத் தெரிந்தவள்

ஒருத்தி போதும் டீச்சர். எனக்கு அந்த ஒருத்தி இருந்திருந்தால் கட்டிலுக்கு அடியில் இவ்வளவு நேரம் படுத்திருக்க மாட்டேன்.

நெல்லை அம்மா

தாமதத்துக்கு மன்னியுங்கள். ஒவ்வொரு பதிவையும் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன்.

மகளிடம் வாசல் வைப்பதைப் பற்றிச் சொன்னேன். "கடைசியில கிடைச்சிரும்னு முதல்லயே சொன்னா அது பொய்யில்லையா, அப்ப இன்னும் கிடைக்கலையே" என்று கேட்டாள். இரண்டு நாள் யோசித்தாள். அப்புறம் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டு பழைய மஞ்சப்பையை எடுத்து, ஒன்றில் காதை அறுத்து முடிச்சுப் போட்டாள். "இதைக் கையில வச்சுக்கிட்டுச் சொல்றேன்" என்றாள்.

நேற்று அந்த மூன்று பேரில் ஒருத்தி மட்டும் கணக்கு நோட்டு வாங்க வந்தாள். இவள் இரண்டு பையையும் பாயில் வைத்தாள். அந்தப் பிள்ளையிடம் நான் மெதுவாக, "கொஞ்சம் உம் கொட்டிக்கிட்டே கேளு கண்ணு, பாட்டி கதை மாதிரி" என்றேன். சரி அத்தை என்றது. பாளையங்கோட்டையில் ஒரு உம், செய்துங்கநல்லூரில் ஒரு உம். ஸ்ரீவைகுண்டத்தில் முடிச்சுப் பை ஏறியதும் அந்தப் பிள்ளை உம் கொட்ட மறந்து பையைக் கையில் எடுத்தது. இவள் சொல்வதை நிறுத்திவிட்டாள், உம் வரவில்லையே. அந்தப் பிள்ளை நிமிர்ந்து, "உம், சொல்லு, நாசரேத் எப்ப வரும்?" என்றது.

தோசை கருகியதை நான் பார்க்கவே இல்லை.